காயத்தின் கணக்கு – 9: கொடுத்த பணம் நிற்குமா?

வேலையில் அடிபட்டு ஊனமான தொழிலாளிக்கு வரும் நஷ்டஈடு இரண்டு வகை. ஒன்று, ஒரே தடவையில் மொத்தமாக வருவது. மற்றது, தவணையாக வருவது. மொத்தத் தொகையில் வழக்கெல்லாம் அது கைக்கு வருவதற்கு முன்னால்தான். வந்த பிறகு பெரும்பாலும் கேள்வி இல்லை. தவணைப் பணத்தில் தொல்லை வேறு மாதிரி. அது வரத் தொடங்கிய நாளிலிருந்தே எப்போது நிறுத்தலாம் என்று எதிர்த்தரப்பு கணக்குப் போடுகிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் எப்படி வந்தது, எது வேலை விபத்து, எது இல்லை என்பதெல்லாம் முந்தைய வாரங்களில் வந்தாயிற்று. இந்த வாரத்துக்கு வாக்களித்தது கடலில் அடிபடும் படகுத் தொழிலாளி. அவர் அடுத்த வாரம்தான் வருவார்; அவருக்கு முன்னால் பரங்கிப்பேட்டையின் பழைய போர்க்களம் ஒன்று குறுக்கே நிற்கிறது.

1781 ஜூலை 1 அன்று வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டிய இந்த ஊரில் ஐதர் அலியின் பெரும்படையை அயர் கூட் தலைமையிலான கிழக்கிந்தியக் கம்பெனிப் படை எதிர்கொண்டது. (தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளும் 1924 ஜூலை 1. தேதி ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனாலும் விட்டுவிட மனம் வரவில்லை.) அந்தச் சண்டையில் கை கால் இழந்த கம்பெனியின் ஐரோப்பியச் சிப்பாய்க்கு ஒரு நிதி காத்திருந்தது. அதன் பெயர் கிளைவ் பிரபு நிதி. வங்காள நவாப் மீர் ஜாபர் சாகும்போது கிளைவுக்கு 5 லட்சம் ரூபாய் எழுதி வைத்தார். கம்பெனி ஊழியர் பரிசு வாங்கக் கூடாது என்று விதி வந்திருந்த காலம் அது. பணத்தைக் கையால் தொட்டால் பழி, விட்டால் நஷ்டம். கிளைவ் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டார். கம்பெனிப் படையில் ஊனமானவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் உதவித்தொகை கொடுக்கும் அறநிதியாக அதை 1770இல் கம்பெனியிடமே ஒப்படைத்தார். ஊனமானவர் தம் பதவிக்குக் குறித்த அளவுக்கு மேல் சொத்து இல்லை என்று சத்தியம் செய்தால்தான் பணம்.

விசேஷம் அந்த அறநிதிப் பத்திரத்தின் ஒரு நிபந்தனையில் இருக்கிறது. கம்பெனி தன் சம்பளத்தில் படை வைத்திருப்பதை என்றைக்கு நிறுத்துகிறதோ அன்றைக்கு நிதியின் முதல் தொகை கிளைவின் வாரிசுகளுக்குத் திரும்ப வேண்டும். 1770இல் இதைப் படித்தவர் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்; கம்பெனிக்குப் படை இல்லாமல் போவதாவது! 1857 கலகம் வந்தது. 1858இல் ஆட்சியும் படையும் அரசிக்குப் போயின. கிளைவ் தரப்பு பத்திரத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் ஏறியது. படை அதே படை, சிப்பாய் அதே சிப்பாய், சம்பளம் தரும் கை மட்டும்தான் மாறியது என்று அரசுத் தரப்பு வாதிட இடமிருந்தது. 1863இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை கிளைவ் தரப்புக்கே தீர்ப்புச் சொன்னது. ஊனமானவர்களுக்கென்று 90 ஆண்டுக்கு மேல் இருந்த முதல், கொடுத்தவர் குடும்பத்துக்குத் திரும்பியது. அந்தக் காலத்தில் ஊனமானவருக்கு வந்தது உரிமை அல்ல, தர்மம். தர்மத்தில் நிபந்தனை வைப்பவர் கொடுப்பவரே.

அதை உரிமையாக்கிய முக்கியமான படி 1897ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். அங்கே வாரத் தவணை. இந்தியச் சட்டம் அதைப் பார்த்து அரை மாதத் தவணையை வைத்துக்கொண்டது. தற்காலிக ஊனம் என்றால் மாதச் சம்பளத்தில் 25 விழுக்காடு, அரை மாதத்துக்கு ஒரு முறை, ஊனம் இருக்கும் வரை அல்லது 5 ஆண்டு, இதில் எது முந்துகிறதோ அதுவரை. ஊனம் 28 நாளுக்குக் குறைவாக இருந்தால் முதல் 3 நாளுக்குக் கிடையாது. கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2000த்தில் 4,000 ரூபாய், 2010இல் 8,000, 2020 ஜனவரி முதல் 15,000. வரம்பில் உள்ளவருக்கு ஒரு தவணை 3,750 ரூபாய். (2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டன. இங்கே சொல்லும் பிரிவு எண்கள் பழைய சட்டத்தினுடையவை. அதற்கு முந்தைய விபத்துகளின் வழக்குகள் இன்னும் இந்த எண்களில்தான் நடக்கின்றன.)

தவணையை நிறுத்த வழி பல. முதலாவது 6ஆம் பிரிவு. காயத்தின் நிலை மாறிவிட்டது என்று டாக்டர் சான்றிதழோடு முதலாளியோ தொழிலாளியோ இழப்பீட்டு ஆணையரிடம் மனுப் போடலாம். ஆணையர் தவணையைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். ஊனம் நிரந்தரம் என்று தெரிந்தால் ஏற்கெனவே கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மொத்தத் தொகையாக மாற்றலாம். இரண்டாவது, மருத்துவப் பரிசோதனை. முதலாளி தம் செலவில் டாக்டரிடம் அனுப்பும்போது தொழிலாளி மறுத்தால் உரிமை அதுவரை நிறுத்தி வைக்கப்படும். சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டாலும் அப்படியே. வெளிமாவட்டத்தில் வேலை செய்து அடிபட்டு, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று பஸ் ஏறியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மூன்றாவது வழியில் சத்தமே இருக்காது. விபத்துக்கு முன் வாங்கிய அரை மாதச் சம்பளத்துக்கும் விபத்துக்குப் பின் சம்பாதிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தவணை தாண்டக் கூடாது. கம்பி கட்டியவரைக் கேட்டில் வாட்ச்மேனாக உட்காரவைத்தால், அந்தச் சம்பளம் ஏற ஏறத் தவணை இறங்கும்.

ஈ.எஸ்.ஐ.யில் பதிவானவருக்கு இந்தச் சட்டம் கிடையாது. இரண்டு இடத்திலும் வாங்க முடியாது. கடலூர் சிப்காட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளி ஒருவருக்கு விரல் போனால், தற்காலிக ஊனத்துக்குச் சராசரிக் கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர ஊனம் என்றால் மெடிக்கல் போர்டு சொல்லும் விழுக்காட்டின்படி ஆயுள் முழுக்கப் பணம். போர்டு முதலில் தற்காலிகமாக ஒரு விழுக்காடு போட்டுவிட்டுப் பிறகு திரும்பக் கூப்பிடுவது உண்டு. தகராறு முளைப்பது அந்த இரண்டாம் அழைப்பில். போர்டின் முடிவு பிடிக்காவிட்டால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அல்லது ஈ.எஸ்.ஐ. நீதிமன்றம். தகவலை மறைத்தோ பொய் சொல்லியோ வாங்கிய முடிவை எப்போதும் திறக்கலாம். அது தவிர, ஒரு முறை முடிவான விழுக்காட்டை மறுபடி திறக்கச் சட்டம் சொல்லும் காரணம் காயம் எதிர்பாராத அளவுக்கு மோசமாவதுதான். தேறிவிட்டார் என்பது அந்த வரியில் இல்லை. சட்டம் எழுதியவர்கள் தெரிந்தே செய்த நல்ல காரியம் இது.

மொத்தத் தொகைக்கு வந்தால் சண்டை முழுக்க விழுக்காட்டில். நிரந்தர முழு ஊனத்துக்குச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. சம்பளம் 15,000 என்றால் 18,71,820 ரூபாய். பகுதி ஊனத்துக்கு அதில் ஒரு பங்கு. முதல் அட்டவணை உடம்பை அங்குலம் அங்குலமாக விலை போட்டிருக்கிறது: கட்டைவிரல் 30, ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12. இந்தப் பட்டியலைப் படிக்கும்போது வயிறு சற்றுக் கலங்கும். ஆனால் பட்டியலைத் தாண்டியும் ஒரு வாசல் உண்டு. விபத்து நேரத்தில் ஒருவர் செய்யக்கூடியதாக இருந்த எல்லா வேலைக்கும் அவர் லாயக்கற்றவராகிவிட்டால் அது முழு ஊனம் என்று சட்டம் சொல்கிறது.

ஒடிசாவின் ஜெய்ப்பூரில் 1968இல் சினிமா கொட்டகை ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடக்கை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்கப்பட்டது. பட்டியல்படி இது பகுதி ஊனம்தானே என்றார் முதலாளி. ஒற்றைக் கையால் தச்சு வேலை நடக்காது என்று 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முழு ஊனத்தையே நிலைநிறுத்தியது. பணம் விபத்து நடந்த நாளிலேயே கொடுக்கவேண்டியதாகிவிடுகிறது என்பதும் அதே தீர்ப்பு. 2008இல் ஒரு டேங்கர் லாரி டிரைவரின் வழக்கு. வலது கால் முழங்கால் வரை போனது. ஆணையர் 100 என்றார், உயர் நீதிமன்றம் 65 ஆக்கியது, உச்ச நீதிமன்றம் மீண்டும் 100 ஆக்கியது. மேலே போட்ட கணக்கில் 100க்கும் 65க்கும் நடுவே ஆறரை லட்சம் ரூபாய். எலும்பு டாக்டர் எழுதும் விழுக்காடு உடம்பைப் பற்றியது. ஆணையர் எழுதவேண்டிய விழுக்காடு சம்பாத்தியத்தைப் பற்றியது. இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலாவதை இரண்டாவதாகக் காட்டப் பார்ப்பார். தொழிலாளி தரப்பு பல தடவை டாக்டரைக் கூண்டில் ஏற்றாமலே, சான்றிதழை மட்டும் நீட்டிவிட்டுத் தோற்கிறது.

ஆணையர் என்பது தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதிகாரிதான். மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, சொல்வதோடு சரி. பணம் கொடுக்கவேண்டிய நாளிலிருந்து ஒரு மாதம் தாண்டினால் 12 விழுக்காடு வட்டி, நியாயமான காரணம் இல்லாவிட்டால் தொகையில் பாதி வரை அபராதம். எதிர்த்து உயர் நீதிமன்றம் போகும் முதலாளி முழுத் தொகையையும் முதலில் ஆணையரிடம் கட்டிவிட்டு, கட்டியதற்கான சான்றை மேல்முறையீட்டு மனுவோடு இணைக்க வேண்டும். கட்டிய பணம் உடனே தொழிலாளிக்குப் போய்விடும் என்று நினைத்தால் 30–அ பிரிவு தடுக்கிறது. முதலாளியின் மேல்முறையீடு முடியும் வரை ஆணையர் அதை நிறுத்தி வைக்கலாம். உயர் நீதிமன்றம் சொன்னால் நிறுத்தி வைத்தே ஆக வேண்டும். பணம் இருக்கும், எடுக்க முடியாது. இதற்கிடையில் இருபதாயிரத்தைக் கையில் கொடுத்து, இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று எழுதி வாங்குகிறார்கள். அந்தக் காகிதம் செல்லாது என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. கையெழுத்துப் போட்டவருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. கைக்கு வரவேண்டிய நஷ்டஈட்டுப் பணத்தைக் கடனுக்காக ஜப்தி செய்யவும் முடியாது, அடமானம் வைக்கவும் முடியாது. இது 9ஆம் பிரிவு.

பரங்கிப்பேட்டைப் பக்கம் அன்னங்கோயிலிலும் முடசல் ஓடையிலும் படகு ஏறுபவர்களுக்கு இந்த 9ஆம் பிரிவு பற்றிக் கேட்க நிறைய இருக்கும். மாதச் சம்பளம் இல்லாமல் பங்குக்குப் போகிறவரின் முதலாளி யார், அவர் சம்பளத்தை எதை வைத்துக் கணக்கிடுவது, படகுக்காரரிடம் வாங்கிய முன்பணத்தை நஷ்டஈட்டில் கழிக்கலாமா என்பவை அடுத்த வாரம்.