சொறி சிரங்கு: வீட்டார் எல்லோரும் ஒரே இரவில்

"பிள்ளை இரவிரவாய்ச் சொறியுது, கத்தரிக்காயையும் இறாலையும் நிற்பாட்டிப்போட்டன், குறையுதில்லை" என்று தாய்மார் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கிரந்திச் சாப்பாடு இதற்குக் காரணமல்ல. கண்ணுக்குப் புலப்படாத சிற்றுண்ணி ஒன்று தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுவதால் வருவது இது. விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு ஆகிய இடங்களைப் பாருங்கள். இரவில் கடி கூடும்.

முதன்முறை தொற்றியவருக்குக் கடி தொடங்க 4 முதல் 6 வாரங்கள் செல்லலாம். அதற்குள் ஒரே பாயில் படுக்கும் தம்பி தங்கைக்கும் தொற்றிவிடும். சொறியும் பிள்ளைக்கு மட்டும் பூசிவிட்டு, மருந்து சரியில்லை என்று குறைசொல்லிப் பயனில்லை. கடி இல்லாதவர் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே இரவில் பூசவேண்டும்.

5 வீத பெர்மெத்ரின் கிறீமைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடியிலும் விடாது பூசி, 8 முதல் 14 மணித்தியாலங்களின் பின் குளியுங்கள். இடையில் கை கழுவினால் கைக்குத் திரும்பப் பூசவேண்டும். ஒரு வாரத்தின் பின் இன்னொருமுறை. கைக்குழந்தைக்கு வைத்தியரைக் கேட்டே பூசுங்கள். காலையில் உடுப்பு, போர்வை, தலையணை உறைகளைச் சுடுநீரில் தோய்த்து வெயிலில் காயவிடுங்கள். தோய்க்க முடியாதவற்றைப் பையில் இட்டு ஒரு கிழமை கட்டிவைத்தால் போதும். உடம்பை விட்டு விலகிய உண்ணி சில நாட்களில் செத்துவிடும்.

வேப்பிலை அவித்த நீரில் குளிப்பது சுகமாயிருக்கும், மருந்துக்கு ஈடாகாது. பூசிய பின்னும் 2 முதல் 4 வாரம் கடி இருக்கலாம். பயந்து தினமும் பூசாதீர்கள். சீழ் பிடித்த சிரங்கை மட்டும் அசட்டை செய்யவேண்டாம். அந்தக் கிருமியால் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். முகம் வீங்கினாலோ சிறுநீர் வெறுந்தேநீர் நிறமாகப் போனாலோ பிள்ளையை அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.