பழைய கணக்கு புது கம்ப்யூட்டரில் திறக்கவில்லையா?



சமீபத்தில் கெலமங்கலம் பக்கம் ஒரு கூட்டமைப்புக்குப் போயிருந்தோம். புது கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, பூ போட்டு வைத்திருந்தார்கள். கணக்காளர் அக்கா முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. "மேடம், பழைய கணக்கு புரோகிராம் இதுல ஓடவே மாட்டேங்குது" என்றார். ஓர் உறுப்பினர் 2008-லேயே கடனைக் கட்டி முடித்தேன் என்கிறார். பாஸ்புக் மழையில் நனைந்து போச்சு. நோட்டில் பாக்கி இருப்பதாகக் காட்டுவதால் அவருக்குப் புதுக் கடன் நிற்கிறது. கடையில் கேட்டதற்கு, "பழைய கம்ப்யூட்டரை ஃபார்மேட் பண்ணிடலாம்" என்றார்களாம். ஃபார்மேட் என்றால் எல்லாவற்றையும் துடைத்துவிடுவது. நல்ல வேளை, அக்கா சம்மதிக்கவில்லை.

இந்தச் சிக்கல் நம் பகுதியில் இன்னும் பல இடத்தில் வரும். கிருஷ்ணகிரி அன்றைக்குத் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது, 2004-ல்தான் பிரிந்தது. 1989-ல் ஐஃபாட் நிதியுதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் தொடங்கியதே தருமபுரியில்தான். ஆகவே நம்மிடம் பழைய கணக்கு அதிகம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. புதிதாக வாங்கினால் விண்டோஸ் 11 தான் வருகிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். புரோகிராம் வேறு, கணக்கு வேறு. புரோகிராம் பீரோ மாதிரி. கணக்கு உள்ளே இருக்கிற நோட்டு. பீரோ திறக்கவில்லை என்றால் நோட்டு தொலைந்துபோனதாக அர்த்தமில்லை. அதனால் வேறு எதையும் தொடுவதற்கு முன், பழைய கம்ப்யூட்டரில் அந்த புரோகிராம் இருக்கும் ஃபோல்டரை முழுசாக இரண்டு பென் டிரைவில் காப்பி எடுங்கள். ஒன்று ஆபீஸில், ஒன்று தலைவியிடம்.

ஏன் ஓடவில்லை? ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி போனால் கன்னடம். தெரியாதவர்களுக்கு ரெண்டும் தெரிந்த ஒரு அக்கா கூட வந்தால் வேலை முடிந்துவிடும். விண்டோஸுக்குள்ளும் அப்படி ஒரு அக்கா உண்டு. புரோகிராம் ஐகான் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'கம்பாட்டிபிலிட்டி' போங்கள். அங்கே 'விண்டோஸ் எக்ஸ்பி' அல்லது 'விண்டோஸ் 7' என்று தேர்ந்தெடுத்து, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதையும் டிக் செய்து ஓட்டிப் பாருங்கள். பழைய புரோகிராம்கள் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். விஸ்டாவில் இருந்து விண்டோஸ் சில ஃபோல்டர்களில் அதைத் தடுக்கிறது. பாதிக் கோளாறு இதனால்தான் என்பது எங்கள் அனுபவம்.

கறுப்புத் திரையில் ஓடும் டாஸ் புரோகிராம் என்றால் இந்த வழி பலிக்காது. விண்டோஸ் 11 அதை ஏற்கவே ஏற்காது. அதற்கு 'டாஸ்பாக்ஸ்' என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. புது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரை உட்கார வைத்த மாதிரி. விளையாட்டுகளுக்காகச் செய்தது, பிரிண்ட் எடுப்பதில் தகராறு பண்ணும். பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தினசரி வரவு செலவை அதில் போடாதீர்கள்.

கெலமங்கலத்தில் டாஸ்பாக்ஸும் கை கொடுக்கல. ஃபோல்டரைத் திறந்து பார்த்தோம். ஃபைல் பெயர்கள் 'டிபிஎஃப்' என்று முடிந்தன. ஃபாக்ஸ்புரோவில் செய்த கணக்கு அது. அந்த மாதிரி ஃபைலை இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபீஸ் கால்க் நேராகவே திறக்கும். காப்பியில் இருந்து திறந்தோம், கட்டம் கட்டமாக வந்துவிட்டது!

ஆனால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்தும் குறியும். பயப்பட வேண்டாம், இது ஃபான்ட் கோளாறு. அந்தக் காலத்தில் வானவில், பாமினி என்று ஆளுக்கொரு ஃபான்டில் அடித்தோம். 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. பழைய ஃபான்டைப் போட்டால் எழுத்து வந்துவிடும்; பிறகு யூனிகோடுக்கு மாற்றலாம். மாற்றும்போது பெயர்களில் ஓர் எழுத்து அங்கே இங்கே பிசகும். நம் ஊர்களில் ஒரே குழுவில் மூன்று லட்சுமம்மா, இரண்டு நாராயணம்மா. பெயரை நம்பாமல் உறுப்பினர் எண்ணை வைத்துச் சரிபாருங்கள்.

அந்த அக்காவின் எண்ணைத் தேடினோம். 2008 நவம்பரில் கடைசித் தவணை, பாக்கி பூஜ்யம். பிரிண்ட் எடுத்துத் தீர்மான நோட்டில் ஒட்டி, தலைவியும் செயலாளரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர் பெயர் அடுத்த கடன் பட்டியலில் ஏறிவிட்டது.