சிறு குறைவு, பெரு நலம்

நுழையும்முன்

உடல் எடை பற்றிய பேச்சு பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றியதாகவே அமைகிறது. மருத்துவ அறிவியலோ அதனை வேறொரு நோக்கில் அணுகுகிறது. எவ்வளவு எடை குறைந்தால் நோய் விலகத் தொடங்கும் என்பதே அதன் வினா. அதற்குக் கிடைத்துள்ள விடையை இக்கட்டுரை விளக்குகிறது.

மலைப்பும் உண்மையும்

80 கிலோ எடையுள்ள ஒருவரிடம், அவர் உயரத்திற்கு ஏற்ற எடை 60 கிலோ என்று கூறினால் அவர் மலைத்துப்போவார். சில வாரங்கள் உணவைச் சுருக்கிப் பார்ப்பார். எடை எதிர்பார்த்தபடி இறங்காது. தம்மால் ஆகாது என்று முயற்சியையே கைவிடுவார். நலம் பெறுவதற்கு 20 கிலோவும் குறைய வேண்டியதில்லை என்பதை அவர் அறிந்திருக்கமாட்டார். உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு குறைந்தாலே நன்மைகள் தொடங்கிவிடுகின்றன. அவரைப் பொறுத்தவரை அது நான்கு முதல் ஐந்தரைக் கிலோ மட்டுமே.

கொழுப்பு தங்கும் இடம்

இச்சிறு குறைவு பெரும்பயன் தருவது எவ்வாறு? தோலுக்கடியில் சேரும் கொழுப்பைவிட, வயிற்றினுள் உறுப்புகளைச் சூழ்ந்து சேரும் கொழுப்பே மிகுந்த தீங்கு விளைவிக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின், குருதியிலுள்ள சர்க்கரை தசைகளுக்குள் செல்லத் துணைபுரிகிறது. கல்லீரல் சர்க்கரையை அளவின்றி வெளியிடாமலும் காக்கிறது. கல்லீரலிலும் தசைகளிலும் கொழுப்பு மிகும்போது, அவை இன்சுலினுக்கு இணங்குவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடுகொடுக்க முயல்கிறது. அம்முயற்சி தோற்கும்போது இரண்டாம் வகை நீரிழிவு தோன்றுகிறது. எடை குறையத் தொடங்கியதும் கல்லீரலில் படிந்த கொழுப்பு விரைந்து குறைகிறது. அதனால் இன்சுலின் மீண்டும் செவ்வனே செயற்படுகிறது.

ஆய்வுகள் காட்டும் சான்று

அமெரிக்காவில் நீரிழிவின் வாயிலில் நின்ற 3,234 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2002ஆம் ஆண்டு வெளிவந்தன. ஒரு பிரிவினருக்கு இரு இலக்குகள் தரப்பட்டன: எடையில் நூற்றுக்கு ஏழு பங்கைக் குறைத்தல், வாரத்திற்கு 150 நிமிடம் நடைபோன்ற உடலுழைப்பு. ஏறத்தாழ மூன்றாண்டுகளில், இவ்விலக்குகளும் மருந்தும் பெறாதவர்களைவிட இவர்களிடையே நீரிழிவு 58 விழுக்காடு குறைந்திருந்தது. மெட்பார்மின் என்னும் மருந்து பெற்ற பிரிவில் அக்குறைவு 31 விழுக்காடே. பிற்காலத்தில் பலருக்கு எடை ஓரளவு மீண்டும் கூடியபோதும், பத்தாண்டுகளுக்குப் பின்னும் அப்பயன் முற்றிலும் மறையவில்லை.

சென்னையில் நிகழ்ந்த ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளியாயின. 531 பேர் பங்கேற்ற அவ்வாய்வில், உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்துகொண்டவர்களிடையே நீரிழிவு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களின் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை என்பது கருதத்தக்கது. எனவே, எடைக்கருவியின் முள் அசையவில்லை என்பதற்காக நல்ல பழக்கத்தைக் கைவிடுதல் கூடாது. மெலிந்த தோற்றமுடைய இந்தியரிடமும் வயிற்றுக் கொழுப்பு மிகுந்திருக்கக்கூடும். ஆதலால் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்னும் வரம்பைக் கடவாதிருத்தல் நன்று.

மூட்டும் குருதியும்

மூட்டுத் தேய்மானமுள்ள முதியோரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று, உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைவதைக் காட்டியது. நாள்தோறும் எடுத்துவைக்கும் ஆயிரக்கணக்கான அடிகளை எண்ணிப் பார்த்தால் இதன் பயன் விளங்கும். குருதி அழுத்தமும் எடையோடு சேர்ந்து இறங்குகிறது. இதயத்தின் சுமையும் அதனால் தணிகிறது.

நாம் செய்யத்தக்கது

இவ்வறிவு முதலில் பயன்படவேண்டிய இடம் நம் இல்லம். சர்க்கரை கலந்த பானங்களைத் தவிர்த்தல், சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்துக் காய்கறியும் பருப்பும் கூட்டிக்கொள்ளுதல், உணவுக்குப்பின் சிறிது நடத்தல் ஆகியவை எவருக்கும் இயலக்கூடியவை. பெற்றோருடன் மாலையில் அரைமணி நேரம் நடக்கும் மாணவர், வாரத்தில் ஐந்து நாள்களில் அந்த 150 நிமிடத்தை எட்டிவிடுவார்.

ஆயினும், வளரும் பருவத்தினர் தாமாக உணவைக் குறைத்தலும் பட்டினி கிடத்தலும் தகா. எலும்பும் தசையும் வளரும் காலத்தில் சத்துக்குறைவு வேறு கேடுகளை விளைவிக்கும். எடை குறைக்க வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். பருத்தவரை எள்ளி நகையாடுதலும் தீது; ஏளனத்திற்கு அஞ்சுபவர் விளையாட்டுத் திடலுக்கே வராமல் ஒதுங்கிவிடுவார்.

எட்டாத இலக்கு மனத்தைத் தளர்த்தும். எட்டக்கூடிய இலக்கு அடுத்த அடிக்கு அழைக்கும். 80 கிலோ எடையுள்ளவர் 76 கிலோவை அடைந்தால், அவர் தோற்றத்தில் பெரிய மாறுதல் தெரியாமற் போகலாம். அவருடைய கல்லீரலும் கணையமும் முழங்காலும் அம்மாற்றத்தை நன்கு உணரும்.