குளிர் புகா இல்லம்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதவை. வெயில், மழை, குளிர் ஆகியவற்றினின்றும் தன்னுள் வாழ்வோரைக் காப்பதே உறையுளின் பயன். அவ்வாறு காக்க இயலாத வீடு நோய்க்கு உறைவிடமாகிவிடும். இவ்வுண்மையை உணர்ந்து, குடிமக்களின் வீடுகளைச் செப்பனிடுவதற்கு ஓர் அரசாங்கமே பொருளுதவி செய்த வரலாறு நியூசிலாந்து நாட்டில் உண்டு.

நியூசிலாந்து பசிபிக் பெருங்கடலின் தென்பகுதியில் உள்ள தீவு நாடு. அங்கு ஜூன், ஜூலை, ஆகஸ்டுத் திங்கள்கள் குளிர்காலமாகும். அந்நாட்டின் பழைய வீடுகளிற் பெரும்பாலானவை மரத்தால் ஆனவை. அவற்றின் தளம் பலகைகளால் அமைந்திருக்கும். தளத்துக்கும் மண்ணுக்கும் இடையே வெற்றிடம் இருக்கும். புதிதாகக் கட்டப்படும் வீடுகளுக்கு வெப்பக் காப்பு அமைத்தல் வேண்டும் என்னும் விதி 1978 ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர்க் கட்டப்பட்ட எண்ணற்ற வீடுகள் அக்காப்பு இன்றியே நின்றன. குளிர்காலத்தில் அவ்வீடுகளில் வாழ்ந்தோர் ஓர் அறையில் மட்டும் கணப்பை மூட்டிக்கொண்டு, மற்ற அறைகளைக் குளிருக்கு விட்டுவிடுவர். ஈரம் சுவர்களிற் படியும், பூஞ்சை படரும். இருமலும் ஈளையும் குழந்தைகளை வருத்தும்.

வெப்பக் காப்பு என்பது யாது? வெப்பம் எப்பொழுதும் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கிச் செல்லும் இயல்புடையது. கணப்பினால் சூடேறிய காற்று மேலெழுந்து கூரையை அடைகின்றது. கூரை மெல்லியதாயின் அவ்வெப்பம் அதன் வழியே வெளியேறிவிடும். ஆதலால், எவ்வளவு விறகையோ மின்சாரத்தையோ செலவிட்டாலும் அறை வெதுவெதுப்பாவதில்லை. ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்ப முயல்வது போன்றதே இச்செயல். அசையாத காற்று வெப்பத்தை அரிதிற் கடத்தும் பொருளாகும். கம்பளியின் இழைகளுக்கிடையே சிக்கிய காற்றே நம் உடற்சூட்டை வெளியேறாமல் தடுக்கின்றது. அதுபோலவே, ஆட்டு மயிரையோ கண்ணாடி இழையையோ தடித்த மெத்தைபோல் ஆக்கி மச்சின் மீது பரப்பினால், வீட்டின் வெப்பம் வீட்டிலேயே தங்கும். தளத்தின் அடியிலும் காப்பு அமைத்து, மண்ணின்மேல் ஈரம் ஏறாத தாளை விரித்து, கதவு சாளரங்களின் இடுக்குகளையும் அடைத்துவிட்டால் காப்பு நிறைவுறும்.

இவ்வாறு செய்தால் மக்களின் உடல்நலம் உண்மையாகவே சிறக்குமா? இவ்வினாவுக்கு விடை காண ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப்பா ஹவுடன்-சாப்மன் என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும் முனைந்தனர். மூச்சு நோயினால் வருந்துவோர் ஒருவரேனும் இருந்த 1,350 குடும்பங்களை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். சீட்டுக் குலுக்குவது போல அவற்றை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரின் வீடுகளுக்கு 2002 ஆம் ஆண்டின் குளிர்காலத்துக்கு முன்பே காப்பு அமைத்தனர். மற்றப் பிரிவினரின் வீடுகளுக்கு ஆய்வு முடிந்தபின் அமைத்தனர். எவரும் உதவியை இழக்காதபடி ஆய்வு நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது.

ஆய்வின் முடிவு 2007 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. காப்பு அமைந்த வீடுகளின் படுக்கை அறைகளில் வெப்பம் அரை டிகிரி அளவே கூடியிருந்தது. ஈரப்பதம் சிறிது குறைந்திருந்தது. எரிபொருளும் மின்சாரமும் மற்ற வீடுகளைவிட நூற்றுக்கு 19 பங்கு குறைவாகச் செலவாயின. இவை சிறிய மாறுதல்களாகத் தோன்றலாம். ஆனால் அவ்வீடுகளில் வாழ்ந்தோர்க்கு மூச்சிரைப்புக் குறைந்தது. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லாது நின்ற நாட்களும் பெரியோர் வேலைக்குச் செல்லாது நின்ற நாட்களும் குறைந்தன.

இத்துணைப் பயன் உண்டெனில், வீட்டுக்கு உரியவரே இதனைச் செய்துகொள்ளலாகாதா என்னும் ஐயம் எழலாம். ஏழைக் குடும்பத்தார் மின்கட்டணத்தைச் செலுத்தவே இடர்ப்படுவர். பிற்காலத்தில் வரும் மிச்சத்தை நம்பி முன்னதாகப் பெரும்பொருள் செலவிட அவர்களால் இயலாது. வாடகை வீட்டிலோ நிலை வேறு. செலவு செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர். பயன் அடைபவர் குடியிருப்பவர். ஆதலால் இருவரும் வாளா இருந்துவிடுவர். மேலும், நோய் குறைவதனால் மருத்துவமனைகளுக்கு ஆகும் பொதுச் செலவும் குறைகின்றது. பயன் பலர்க்கும் உரியதாக இருக்கும்போது செலவைப் பலரும் பகிர்ந்துகொள்வதே முறை. அரசின் உதவி என்பது அத்தகைய பகிர்வேயாகும்.

2009 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நியூசிலாந்து அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. 2000 ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட வீடுகளுக்குக் காப்பு அமைக்க ஆகும் செலவில் ஒரு பங்கை அரசே ஏற்றது. வருவாய் குறைந்தோர்க்கு அவ்வுதவி மிகுதியாக அளிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் காப்புப் பெற்றன. இத்திட்டத்தை மதிப்பிட்ட அறிஞர்கள், செலவைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு நன்மை விளைந்ததாகக் கணக்கிட்டனர். அந்நன்மையின் பெரும்பகுதி மின்சார மிச்சத்தினால் வந்ததன்று, உடல்நலத்தினால் வந்ததே.

உதவி மட்டும் போதாது என்பதையும் அரசு உணர்ந்தது. உதவி கிடைத்தும் வாடகை வீடுகள் பல காப்பின்றி இருந்தன. ஆகவே, 2019 ஆம் ஆண்டு ஜூலை முதல் வாடகை வீடுகளின் மச்சிலும் தளத்திலும் இயன்றவரை காப்பு அமைத்தல் சட்டப்படி கட்டாயமாயிற்று. அவ்வீடுகளின் முதன்மை அறையை 18 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெதுவெதுப்பாக்க வல்ல கணப்பும் இருத்தல் வேண்டும் என்னும் விதியும் பின்னர் நடைமுறைக்கு வந்தது.

மச்சின் மீது பரப்பிய காப்பினைத் தெருவிற் செல்வோர் காண்பதில்லை. வீட்டில் வாழ்வோரும் நாளடைவில் அதனை மறந்துவிடுவர். எனினும் குளிர்காலத்து இரவுதோறும் அது தன் கடமையைச் செய்துகொண்டேயிருக்கும். இருமலின்றி உறங்கிய குழந்தை காலையிற் பள்ளிக்குச் செல்கின்றது. பொதுப் பணம் நல்வழியிற் செலவாயிற்று என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.