உடலின் மறுமொழியும் உள்ளத்தின் விருப்பமும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் கலந்து வழங்குகின்றன. அங்குப் பணிபுரியும் சுகாதார ஊழியரும் ஆசிரியரும் மக்கள் கூச்சத்துடன் கேட்கும் கேள்விகளுக்கு இரு மொழிகளிலும் விடை கூறவேண்டியவர்கள். கைப்பேசி வாயிலாகப் பாலுணர்ச்சிப் படங்கள் இளைஞரை எளிதில் எட்டிவிடும் இந்நாளில் அத்தகைய கேள்விகள் பெருகுவது இயல்பே. "காட்சியால் கிளர்ச்சியுறுபவன் ஆண், பெண் அவ்வாறல்லள்" என்னும் பழங்கருத்து எத்துணை உண்மையானது?

அமெரிக்க அறிஞர் ஆல்பிரட் கின்சி 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இக்கருத்துக்கு ஆதரவளித்தது. ஆயின் அது பேட்டிகளில் மக்கள் கூறியதை மட்டும் கொண்டு எய்திய முடிபாகும். பின்னர், பிறப்புறுப்புகளில் ஏற்படும் மாறுதல்களை அளக்கும் கருவிகள் ஆய்வுக்கூடங்களில் பயன்படலாயின. படத்தைக் காண்பவரின் உடல்மாற்றத்தையும், அவர் தாமே கூறும் உணர்ச்சி அளவையும் ஒப்பிட இயன்றது.

1969 முதல் 2007 வரை வெளிவந்த 132 ஆய்வுகளைக் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் மெரிடித் சிவர்ஸும் அவருடைய சகாக்களும் தொகுத்து, 2010ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவ்வாய்வுகளில் 2,505 பெண்களும் 1,918 ஆண்களும் பங்குபெற்றிருந்தனர். உடலும் சொல்லும் முற்றிலும் ஒத்தால் 1, ஒப்பே இல்லையெனில் 0 எனக் கொள்வோமாயின், ஆண்களில் அவ்வொப்பு 0.66, பெண்களில் 0.26 மட்டுமே. அதாவது, பெண்ணின் உடல்மாற்றமும் அவள் தானே கூறும் உணர்ச்சியும் ஆண்களில் உள்ள அளவுக்கு ஒத்திருப்பதில்லை.

இதன் காரணம் யாது? ஆணின் உடல்மாற்றம் அவனுக்குத் தெளிவாகப் புலப்படுவது. பெண்ணினது அத்துணை வெளிப்படையன்று. வளர்ப்புமுறையும் நாணமும் அவள் கூற்றைப் பாதிக்கலாம். திசுக்கள் காயமுறாமற் காக்கவே பெண்ணுடல் தானாக மறுமொழி தருகிறது என்பது மற்றொரு கருதுகோள். எதுவும் முடிந்த முடிபன்று.

மூளையைப் பொறுத்தவரை, ஆண்களில் அமிக்டலா என்னும் பகுதி மிகுதியாகச் செயற்படுவதாக 2004ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு கூறிற்று. ஆயின் 61 ஆய்வுகளையும் 1,850 பேரையும் உள்ளடக்கி 2019ஆம் ஆண்டில் வெளிவந்த தொகுப்பாய்வு, பாலுணர்ச்சிக் காட்சிகளுக்கு இருபாலார் மூளையும் பெரிதும் ஒரே வகையில் இயங்குவதாகக் கண்டது. எனவே பழங்கருத்து ஆராய்ச்சியில் நிலைபெறவில்லை.

இவ்வறிவு நடைமுறைக்கு இன்றியமையாதது. உடலின் மறுமொழி அனிச்சையானது. அது சம்மதம் ஆகாது. வன்முறைக்குள்ளானோர் சிலர், தம் உடல் மறுமொழி அளித்த காரணத்தால் தம்மையே குற்றவாளியாக எண்ணி வாய்மூடி வருந்துகின்றனர். இது பெண்களுக்கும் சிறுமியர்க்கும் மட்டுமன்றி, ஆண்களுக்கும் சிறுவர்க்கும் பொருந்தும். "உன்மீது குற்றமில்லை" என்று அவரவர் வீட்டுமொழியில் எடுத்துரைப்பது ஊழியரின் முதற்கடமை.

2012ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டோர் அனைவரும் குழந்தைகளே; அவர்தம் சம்மதம் குற்றத்தை நீக்காது. ஆபாச நோக்கத்துடன் குழந்தைக்குப் படம் காட்டுவதும் குற்றமாகும். குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் காவல் நிலையத்தில் தெரிவித்தல் வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இதனை மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்குமாறு செய்தல் நலம்.