தேர்தல் சூடும் கடை வாசலும்

தேர்தல் வந்தால் நம் கடை வாசலே மேடையாகிவிடுகிறது. 2024-ல் கள்ளக்குறிச்சி ஏப்ரல் 19-ல் வாக்களித்தது. எண்ணிக்கையோ ஜூன் 4-ல். அதுவரை வாய்ச்சண்டைக்கு ஓய்வில்லை. கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் கொண்டுவருபவர் எக்கட்சிக்காரராயினும் நம் தராசு ஒன்றுதானே!

1967 தேர்தலில் பெரியார் காமராசரை ஆதரித்து, தி.மு.க.வைக் கடுமையாக எதிர்த்தார். வென்ற அண்ணா, பதவியேற்கும் முன்பே திருச்சிக்குச் சென்று பெரியாரைச் சந்தித்தார். அவர்களுக்கே அது முடிந்ததென்றால், அரைக்கிலோ பருப்பு வாங்க வந்தவரிடம் நமக்கென்ன வழக்கு? பேச்சு முற்றினால் புளி விலையை எடுத்துவிடுங்கள். எல்லாக் கட்சியும் அதில் ஒன்றுசேரும்.

பறக்கும் படையினரிடமும் எரிந்துவிழ வேண்டாம். ரொக்கம் 50,000 ரூபாயைத் தாண்டினால் கணக்குக் கேட்கிறார்கள். நமக்குச் சிரமம்தான்; ஆனால் சோதிப்பவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர். வசூலுக்குப் போகும் பையன்களிடம் பில்லையும் வங்கிச் சீட்டையும் கொடுத்து, பணிவாகப் பேசச் சொல்லி அனுப்புங்கள்.