சந்தேகப் பிரமையும் உளப்பகுப்புச் சிகிச்சையும்: ஷ்ரேபரை முன்வைத்து ஒரு நோக்கு

தம்மைப் பிறர் வேவு பார்க்கின்றனர், அழிக்கச் சதி செய்கின்றனர் என உறுதியாக நம்புவோரிடம் அந்நம்பிக்கை தவறென நிறுவ முயல்வது வழக்கம். அம்முயற்சி பெரும்பாலும் தோல்வியுறுகின்றது. மறுப்பவரும் சதிகாரருள் ஒருவராகிவிடுகின்றார். அவ்வாறாயின் மருத்துவர் நோயாளியோடு எங்ஙனம் உரையாடுவது? டானியல் பௌல் ஷ்ரேபரின் (1842–1911) வரலாற்றின் துணைகொண்டு இவ்வினாவை நோக்குவோம்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மேல் நீதிமன்றத்தில் 1893இல் உயர்பதவியேற்ற நீதிபதி ஷ்ரேபர், அவ்வாண்டிலேயே நோயுற்றார். மருத்துவர் பிளெக்சிக் தமது ஆன்மாவைக் கொலைசெய்ய முனைவதாக நம்பினார். எனினும், தாமே வாதாடி 1902இல் தமது சட்டவுரிமைகளை மீட்டு, 1903இல் நினைவுக் குறிப்புகளை நூலாக்கினார். அவரை நேரிற் காணாத சிக்மண்ட் பிராய்ட், அந்நூலை ஆதாரமாகக் கொண்டு 1911இல் தமது ஆய்வை வெளியிட்டார். ஏற்கவியலாத தன்பாலின விருப்பமே மறுக்கப்பட்டு, பகையாக உருமாறிப் பிறர்மீது ஏற்றப்படுகின்றது என்பது அவர் விளக்கம். பிரமையை நோயாகவன்றி, சிதைந்த உலகை மீளக் கட்டும் முயற்சியாக அவர் கண்டமை முக்கியமானது.

ஆனால் அவ்விளக்கம் விருப்பத்தைக் கண்ட அளவிற்கு அதிகாரத்தைக் காணவில்லை. ஷ்ரேபரின் தந்தை, சிறுவரை நிமிர்ந்திருக்கச் செய்யும் பட்டிகளையும் கருவிகளையும் வகுத்த புகழ்பெற்ற மருத்துவர். மார்பு நெரிக்கப்படுவதாகவும் தலை இறுக்கப்படுவதாகவும் மகன் எழுதியவற்றை அக்கருவிகளோடு நீடர்லண்ட் பின்னர் தொடர்புபடுத்தினார். லோதேன் 1992இல் இதனை மறுத்து, மனநோய் விடுதியின் அதிகாரத்தையே வலியுறுத்தினார். விவாதம் எவ்வாறாயினும், துன்புறுத்தும் சக்தி முற்றிலும் கற்பனையன்று என்பது தெளிவு.

பிராய்டும் 1937இல் இவ்விடத்தை அணுகினார். பிரமையின் தவற்றை உணர்த்தும் வீண்முயற்சியைக் கைவிட்டு, அதனுள் உறையும் வரலாற்று உண்மையின் கருவை ஏற்று, அதனையே சிகிச்சையின் பொதுத்தளமாக்க வேண்டும் என்றார். இத்தகையோர் உளப்பகுப்புக்கு உட்படார் என்ற அவரது முன்னைய கருத்தை மீறி, அமெரிக்காவில் சலிவனும் புரொம்-ரைக்மனும் அவர்களோடு பணியாற்றினர். மருத்துவர் பிரமையை ஆமோதிப்பதுமில்லை, அதனோடு வாதிடுவதுமில்லை. அச்சத்தை மெய்யென ஏற்கின்றார். நோயாளி தம்மையே பகைவராகக் காணும்போது தற்காப்பிலிறங்காது, அவ்வையம் எழுந்த கணத்தை அவரோடு சேர்ந்து ஆராய்கின்றார். இப்பணி நீண்டது, கடும் நிலையில் மருந்துகளுக்கு மாற்றுமன்று.

மனத்தைத் தனிமனிதச் சொத்தாகக் கொள்ளும் நோக்கு, நோயாளியின் குற்றச்சாட்டை வெறும் பிதற்றலாக்கிவிடுகின்றது. பகைவன் யாரெனக் கூறுவதில் நோயாளி தவறலாம். தாம் நசுக்கப்பட்டதாகக் கூறுவதில் அவர் தவறவில்லை எனலாம். அதனைச் செவிமடுப்பதிலிருந்தே சிகிச்சை தொடங்குகின்றது என்பது எமது துணிபு.